சட்டியும் அகப்பையும்: இலங்கைப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் 6 சதவீதக் கோரிக்கை

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் வெட்டுப்புள்ளி அட்டவணையை இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதிய எவரும் இலகுவில் மறக்க மாட்டார். ஒரு பக்கம் கற்கைநெறிகளின் பெயர்கள், இன்னொரு பக்கம் 25 மாவட்டங்கள், இரண்டும் சந்திக்கும் கட்டங்களில் நான்கு தசமதானங்கள் வரை இசட் புள்ளிகள். நான்காம் தசமதானத்தில் ஓர் இலக்கம் குறைந்தாலும் மருத்துவம் கைநழுவிப் போகும். அதே புள்ளி எடுத்த பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிடும். தகுதி பெறுவோரில் ஒரு சிறு பகுதியினருக்கே இடம் என்ற நிலையில், இந்த அட்டவணையின் மீதும் அதன் முந்திய வடிவங்களின் மீதும் இந்தத் தீவு அரை நூற்றாண்டாகச் சண்டை பிடித்து வந்திருக்கிறது. மொத்தம் எத்தனை இடங்கள் என்பதற்கு மட்டும் அதில் கட்டம் கிடையாது. அதைத் தீர்மானிப்பது திறைசேரி. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது ஊர்ப் பேச்சு. அகப்பை யார் கையில் இருப்பது என்ற வழக்கையே கண்டு பழகிய நாட்டில், 2012ஆம் ஆண்டு பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து சட்டியின் அளவைக் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். அந்த வேலைநிறுத்தத்தின் வரலாற்றுப் பெறுமதி அதில்தான் இருக்கிறது. கேட்ட பணம் கிடைக்காமல் போனதால் அந்தப் பெறுமதி குறைந்துவிடவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் தொடங்கியபோது அதில் 904 மாணவர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு கன்னங்கரா தலைமையிலான விசேட குழு தன் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி என்ற கொள்கை 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. செலவை நாடு தாங்குமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. கட்டணம் வாங்கிய பாடசாலைகளின் எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்த எதிர்ப்புக்கு முகம் கொடுத்து இலவசக் கல்வியின் பக்கம் நின்றவர்களில் ஒருவர் வாலிபர் காங்கிரசின் ஹன்டி பேரின்பநாயகம். அவர் தொழிலால் ஆசிரியர். பொதுப்பணத்தில் கல்வி என்பதற்காக ஆசிரியர்கள் குரல் கொடுத்த மரபு, அதற்கு ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் என்ற பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. கொள்கை வென்றது, அதன் பயனும் விரைவில் தெரிந்தது. சுயபாஷைகளில் படித்த கிராமத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலுக்கு வந்தார்கள். 1960களின் நடுப்பகுதியில் மாணவர் தொகை 10,000ஐத் தாண்டியது. ஆனால் கூடிய இடங்களில் பெரும்பாலானவை கலைப்பீடங்களில்தான் கூடின. ஆய்வுகூடமும் கருவிகளும் ஆசுபத்திரியும் வேண்டிய பீடங்களைப் பெருப்பிக்கப் பணம் தேவை. அதற்கு அரசு கை திறக்கவில்லை.

அந்த இறுக்கத்தின் விலையைத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். 1970களின் தொடக்கத்தில், பேராதனைப் பொறியியற்பீடத்துக்குள் நுழையச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்று வந்தது. பிறகு மொழிவாரித் தரப்படுத்தல் முறையும் 1974இல் மாவட்டக் கோட்டாவும் வந்தன. இது இன அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை, அதை வேறு பெயர் சொல்லி மெழுகவும் கூடாது. ஆனாலும் அந்த அநீதி எந்த மண்ணில் முளைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் ஆண்டுக்குச் சில நூறு இடங்கள் மட்டுமே இருந்தன. அவற்றுக்காக ஆயிரக்கணக்கான வீடுகள் காத்திருந்தன. இடத்தைக் கூட்டுவதற்குக் காசு வேண்டும், ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். அரசு மலிவான வழியை எடுத்தது. அந்தக் கணக்கை நாடு பிறகு வட்டியோடு கட்டியது. 1974இல் திருநெல்வேலிப் பரமேசுவராக் கல்லூரி வளவில் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது, பொறியியலும் மருத்துவமும் அங்கே இருக்கவில்லை. மருத்துவபீடம் சில ஆண்டுகள் கழித்து வந்தது. பொறியியற்பீடம் வர உள்நாட்டுப் போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் இன்றைய அமைப்பை உருவாக்கியது. அதே காலத்தில் திறந்த பொருளாதாரமும் வந்ததால், தட்டுப்பாட்டுக்கு இன்னொரு மருந்து முன்வைக்கப்பட்டது: காசு கொடுக்கக்கூடியவர் கொடுத்துப் படிக்கட்டும் என்பது. 1980இல் ராகமவில் வட கொழும்பு மருத்துவக் கல்லூரி என்ற தனியார் கல்லூரி தொடங்கியது. பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகு 1989இல் அரசு அதைப் பொறுப்பேற்றது, பின்பு அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடமானது. அடுத்த தலைமுறையில் மாலபேயில் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரி வந்தது. 2017இல் அதைக் கலைப்பதாக அறிவித்த பின், அதன் மாணவர்கள் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு முறையும் தனியார் வழி கடைசியில் வந்து நின்றது அரசின் வாசலில்தான். தனியாரிடம் விட்டால் அரசின் சுமை குறையும் என்போர் இந்த இரண்டு வரலாறுகளையும் ஒரு முறை ஆற அமர வாசிக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் 2011, 2012ஆம் ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 2009 மே மாதம் போர் முடிந்தது, பாதுகாப்புச் செலவு இறங்கவில்லை. கல்விக்கான அரச செலவோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் 2011இல் முதலில் கேட்டது சம்பளத்தைத்தான். துறைத்தலைவர் முதலிய நிர்வாகப் பொறுப்புகளை ஆசிரியர்கள் கூட்டாகத் துறந்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, உடன்பாடும் வந்தது, நிறைவேற்றம் இழுபட்டது. அதே ஆண்டு புதுமுக மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அனுப்பித் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாயிற்காவல் பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழுள்ள நிறுவனம் ஒன்றுக்குப் போனது. 2012 யூன் மாத இறுதியில், பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் பரீட்சை எழுதியவர்களை ஒன்றாகக் கலந்து கணித்த இசட் புள்ளிகள் செல்லாது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்காம் தசமதானம் வரை துல்லியம் காட்டிய அட்டவணை மொத்தமாகவே பிழை என்றானது. சில நாட்களில், யூலை 4ஆம் திகதி, ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இம்முறை கோரிக்கைப் பட்டியலின் தலையில், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு என்பது இருந்தது. சுவரொட்டியிலும் பனியனிலும் பதாகையிலும் அந்த ஓர் இலக்கம் பளிச்சென்று தெரிந்தது. ஓகஸ்டில் மருத்துவபீடங்கள் தவிர்ந்த பல்கலைக்கழகங்களை அரசு மூடியது. செப்டெம்பர் கடைசியில் காலியிலிருந்து கொழும்பு வரை, 100 கிலோமீற்றருக்கும் மேலான தூரத்தைப் பேராசிரியர்களும் விரிவுரையாளர்களும் ஐந்து நாட்களாகக் கால்நடையாகக் கடந்தார்கள். பத்து இலட்சம் கையெழுத்துக்கான இயக்கமும் நடந்தது. சுமார் 100 நாட்களின் பின், ஒக்டோபரில் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது.

சம்பளப் போராட்டத்துக்குப் போர்த்திய பொன்னாடைதான் 6 சதவீதம் என்று அன்று பலர் சொன்னார்கள். சம்பளத்திலிருந்து தொடங்கியது உண்மை, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்தவர் திரும்பி வராமல் இருப்பதும் பீடத்தில் அவருடைய கதிரை வெறுமையாகக் கிடப்பதும் கல்விப் பிரச்சினைதான். ஆனால் அந்தக் கூற்றுக்கு ஓர் எண்கணிதப் பதில் இருக்கிறது. 6 சதவீதம் என்பது முழுக் கல்விக்கும் கேட்ட பங்கு. அது கிடைத்திருந்தால் அதன் பெரும்பகுதி முல்லைத்தீவிலும் மொனராகலையிலும் உள்ள பாடசாலைகளுக்குப் போயிருக்கும், பல்கலைக்கழகங்களுக்குச் சிறு பகுதியே வந்திருக்கும். தன் சம்பளத்தை மட்டும் நினைத்த சங்கம் தன் கையை விட்டுப் போகும் பணத்தை ஏன் கேட்கிறது? சம்பளத்தை மட்டும் கேட்டிருந்தால் ஓர் அறைக்குள் பேசி முடித்திருக்கலாம். இந்தக் கோரிக்கைதான் போராட்டத்தை நீட்டியது. பெற்றோரையும் மாணவரையும் பாடசாலை ஆசிரியரையும் தெருவுக்கு அழைத்து வந்ததும் அதுவே. அந்த இலக்கமும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. இந்தியாவில் கோத்தாரி ஆணைக்குழு 1966இலேயே தேசிய வருமானத்தில் 6 சதவீதம் என்றது. யுனெஸ்கோவுக்காக தெலோர் தலைமையிலான ஆணைக்குழு 1996இல் குறைந்தது 6 சதவீதம் என்றது.

வறிய நாடு பணத்துக்கு எங்கே போகும் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. 1990களின் தொடக்கத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 19 சதவீத அளவில் இருந்த இலங்கையின் வரி வருவாய் 2012ஐ ஒட்டி 12 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த இருபது ஆண்டுகளில் நாட்டின் தலாவருமானம் பல மடங்கு கூடியது. நாடு செல்வம் சேர்க்கச் சேர்க்க அரசு வறுமைப்பட்டது என்பதுதான் இந்த எண்களின் பொருள். இறங்கிய அந்த 7 சதவீதம் கல்விக்குக் கேட்ட முழுத் தொகையையும்விடப் பெரிது. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆக வெட்டப்பட்டது. மற்ற வரிகளும் குறைந்தன. 2021, 2022ஆம் ஆண்டுகளில் வரி வருவாய் 8 சதவீதத்துக்கும் கீழே போனது. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. பணமில்லை என்று 2012இல் சொன்னவர்கள் பணம் எப்படி இல்லாமல் போனது என்பதைச் சொல்லவில்லை. இங்கே ஆசிரியர்களிடமும் ஒரு குறை உண்டு. 2023 தொடக்கத்தில் வருமான வரி 36 சதவீதம் வரை உயர்ந்தபோது அவர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பணவீக்கத்தில் சம்பளத்தின் பெறுமதி கரைந்து, சக ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டுப் போன காலம் அது. அவர்கள் கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் சட்டி பெரிதாக வேண்டும் என்றவர்கள் அதில் யார் எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பதையும் அதே உரத்த குரலில் சொல்லியிருக்க வேண்டும். சொத்துள்ளவர் எவ்வளவு, சம்பளக்காரர் எவ்வளவு, அரிசிக்கும் பருப்புக்கும் வரி கட்டும் ஏழை எவ்வளவு என்ற விவாதம் 6 சதவீதம் போலச் சுவரொட்டியில் ஏறவில்லை.

மாணவர் இழந்த 100 நாட்களை நான் சிறிதாகச் சொல்ல மாட்டேன். இசட் புள்ளிக் குழப்பத்தில் ஏற்கெனவே காலம் இழந்த தலைமுறை அது. மகாபொல உதவித்தொகையை நம்பிய பிள்ளைக்கு ஒரு தவணை பிந்துவது வீட்டுக்கு ஒரு தவணை வருமானம் பிந்துவதாகும். வேலைநிறுத்தத்தை ஆதரிப்போர் இந்தப் பாரத்தையும் சேர்த்தே தூக்க வேண்டும். அதன் மறுபக்கத்தில், விரிவுரையாளர் இல்லாத பாடமும் கருவி இல்லாத ஆய்வுகூடமும் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்ளும் நாட்களை எவரும் எண்ணுவதில்லை.

தமிழர் தரப்பிலிருந்து எழக்கூடிய மறுப்பு ஒன்று தனியாக இருக்கிறது. தரப்படுத்தலைக் கொண்டுவந்த அரசிடம், மாணவரைப் படைமுகாமுக்கு அனுப்பிய அரசிடம், கல்வியை இன்னும் அதிகமாக ஒப்படைக்கச் சொல்கிறீர்களா என்பது அது. அந்தச் சந்தேகம் பட்டறிவிலிருந்து வந்தது. வேலைநிறுத்தம் முடிந்த மறுமாதமே, 2012 நவம்பர் இறுதியில், படையினர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதிகளுக்குள் புகுந்தார்கள், மாணவர்கள் கைதானார்கள். ஆனாலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போர்க்காலம் முழுவதும் மூச்சுவிட்டதற்குக் காரணங்களில் ஒன்று, நகரம் புலிகளின் கையில் இருந்த ஆண்டுகளிலும் கொழும்பிலிருந்து சம்பளம் வந்துகொண்டிருந்தது என்பது. அந்தப் பணம் எந்த அமைச்சரின் தயவும் அல்ல. சட்டப்படி ஒரு பொது நிறுவனத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்தது, அவ்வளவுதான். அரசின் பணம் வேண்டும், அரசின் பிடி வேண்டாம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது முரண்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். 2012இல் சம்மேளனம் அப்படித்தான் கேட்டது: 6 சதவீதத்தோடு பல்கலைக்கழகச் சுயாதீனமும் அதன் கோரிக்கைகளில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டாவது சொல்லுக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. பல்கலைக்கழக ஆசிரியர்களின் மனித உரிமைகள் அமைப்பை 1988இல் தொடங்கியவர்களில் ஒருவரான மருத்துவபீட விரிவுரையாளர் ரஜனி திராணகம, 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆசிரியர்கள் எந்த ஆயுதத்துக்கும் கீழே நின்று பேச மாட்டோம் என்ற நிலைப்பாடு அங்கே அவ்வளவு கடினமானதாக இருந்தது.

2012 உடன்பாட்டில் கொடுப்பனவுகளில் சில கிடைத்தன, கல்விச் செலவைக் கூட்டுவதாக வாக்குறுதி கிடைத்தது. அடுத்த வரவு செலவுத் திட்டம் 6 சதவீதத்தின் அருகில்கூடப் போகவில்லை. ஆனால் அந்த இலக்கம் தெருவிலிருந்து தேர்தல் மேடைக்கு ஏறியது. 2015 சனாதிபதித் தேர்தலில் மைத்திரிபால சிறிசேனவின் விஞ்ஞாபனம் அதைச் சொன்னது. தேசிய மக்கள் சக்தியும் அதைத் தன் கொள்கையாக ஏற்றது. அந்தப் போராட்ட ஆண்டுகளில் சம்மேளனத்தோடு நின்ற திறந்த பல்கலைக்கழக விரிவுரையாளர் ஹரிணி அமரசூரிய 2024 செப்டெம்பரில் நாட்டின் பிரதமரானார், கல்வி அமைச்சும் அவரிடமே வந்தது. தேசிய மக்கள் சக்தி அரசாங்கம் 2025இல் கொண்டுவந்த முதலாவது வரவு செலவுத் திட்டத்திலும் கல்விக்கான பங்கு 6 சதவீதத்தை எட்டவில்லை. சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டின் வரம்புகளுக்குள் அது எழுதப்பட்டது. 25 மாவட்டங்களின் கட்டங்களில் நான்கு தசமதான இசட் புள்ளிகள் இன்றும் நிரப்பப்படுகின்றன.