அன்னாசிப்பூ காட்டிய ஆண்டு

தேக்கா சந்தையில் பட்டை, கிராம்போடு சேர்த்துக் கேட்டு வாங்குகிறோமே, அந்த அன்னாசிப்பூதான் இந்த வாரச் சாட்சி. பிரியாணியில் ஒதுக்கி வைக்கும் நட்சத்திரக் காய்க்கு வரலாற்றில் என்ன வேலை?

1998-ல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடல் அட்டை எடுக்க மூழ்கியவர்கள் ஒரு பழங்கப்பலைக் கண்டார்கள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மேற்காசிய மரக்கலம். உள்ளே சீனத்துச் சரக்கு, ஏறக்குறைய 60,000 பொருள்கள். பெரும்பாலானவை சாங்ஷா சூளைக் கிண்ணங்கள். 2005-ல் சிங்கப்பூர் அவற்றை வாங்கியது. இன்று ஆற்றோரத்து ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் பார்க்கலாம்.

அந்தக் கிண்ணங்களில் ஒன்றில் தேதி பொறித்திருக்கிறது: தாங் பேரரசின் பாவோலி இரண்டாம் ஆண்டு, ஏழாம் மாதம், 16-ஆம் நாள். நம் கணக்கில் கி.பி. 826. ஆனால் அது கிண்ணம் செய்த தேதிதானே, கப்பல் புறப்பட்ட தேதியா? இங்கேதான் சரக்கோடு கிடந்த அன்னாசிப்பூ உதவிக்கு வந்தது. கதிரியக்கக் கரிமச் சோதனை அந்தக் காலத்தையே உறுதி செய்தது.

கப்பல் பலகையைவிட அன்னாசிப்பூ நம்பகமான சாட்சி. மரத்தின் உள்வைரம் வெட்டப்படுவதற்கு நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வளர்ச்சி நின்றுபோனதாக இருக்கலாம். பலகை தன் வயதைக் கூட்டிச் சொல்லிவிடும். காயோ ஒரே பருவத்தில் காய்த்துப் பறிக்கப்பட்டது.

உயிருள்ள செடி காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு, கதிரியக்கமுள்ள கார்பன்-14. காயைப் பறித்ததும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் தொடரும். ஓர் அணுவைக் காட்டி, இது எப்போது சிதையும் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முதுமையும் கிடையாது; நேற்றுப் பிறந்த அணுவும் பத்தாயிரம் ஆண்டு கடந்த அணுவும் இன்று சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றே. ஆனாலும் கோடிக்கணக்கான அணுக்கள் கூடினால் தவறாத கடிகாரம் கிடைக்கிறது: 5730 ஆண்டில் சரிபாதி போய்விடும். இதுவே அரை ஆயுட்காலம்.

பிள்ளைகள் இடறும் இடம் ஒன்று உண்டு. பாதி போக 5730 என்றால், மீதிப் பாதியும் போக இன்னொரு 5730 போதும் என்று நினைப்பார்கள். அப்படியல்ல. இருப்பதில் பாதிதான் ஒவ்வொரு முறையும் போகும்: 100, 50, 25, பன்னிரண்டரை.

அன்னாசிப்பூவின் வயதை 1200 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 1200-ஐ 5730-ஆல் வகுத்தால் 0.209, ஓர் அரை ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு. பாதி என்ற எண்ணை 0.209 அடுக்குக்கு உயர்த்தினால் 0.865. அதாவது நூற்றுக்கு 86.5 மிச்சம். ஆய்வுக்கூடத்தில் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள்: மிச்சத்தை அளந்து வயதைக் கணிக்கிறார்கள். காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் மர வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். விடையும் ஒரே ஆண்டாக வராது, ஒரு கால எல்லையாகவே வரும்.

சிகாகோவில் வில்லார்ட் லிபி 1940-களின் இறுதியில் இம்முறையை உருவாக்கியபோது, வயது முன்பே தெரிந்த எகிப்தியக் கல்லறை மரத்தை வைத்துத்தான் சோதித்துப் பார்த்தார். 1960-ல் நோபல் பரிசு வந்தது. பெலித்துங் கிண்ணமும் அதுபோல ஓர் உரைகல். எழுத்தும் அணுவும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே காலத்தைச் சொல்கின்றன.

தாமிரபரணிக் கரையில் சிவகளையில் அந்த வசதி இல்லை. முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லோடு தேதி எழுதிய கிண்ணம் எதுவும் வரவில்லை. அமெரிக்க ஆய்வுக்கூடம் கி.மு. 1155 என்று சொன்னதை 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. அந்த நெல்லில் இன்று எவ்வளவு கார்பன்-14 மிச்சமிருக்கும்? மேலே போட்ட கணக்கையே போட்டுப் பாருங்கள்; நூற்றுக்கு 68 வரும்.