நாகசேன வனத்து விடுதி வாழ்வு

நம் சங்கத்தின் கல்விப் பணி இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், நம் மக்களின் கல்வி வரலாற்றில் உரிய இடம் பெறாத ஒன்றை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம். அது மாணவர் விடுதி. பள்ளிகளின் கதவு சட்டத்தால் திறந்தது. ஆயினும், பள்ளி இருந்த ஊரில் நம் பிள்ளைகள் தங்க இடமும் உண்ணச் சோறும் தருவார் இலர். அதனால் படிப்பை இடையில் விட்டோர் பலர்.

இத்துன்பத்தை அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்விலேயே அறிந்தவர். சாத்தாராப் பள்ளியில் கோணித் துணியில் தனியே அமர்ந்தவர். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட ஏவலர் வராத நாளில் தாகத்துடன் இருந்தவர். உயர்கல்வி பயின்று 1917இல் பரோடா சமஸ்தானப் பணிக்குச் சென்றபோது, பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்த அவரைப் பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. மேல்நாட்டுக் கல்வியும் அன்று அவருக்குத் தலைசாய்க்க ஓர் அறையைப் பெற்றுத்தரவில்லை.

அத்தகையவர் விடுதிப் பணியை முதற்பணிகளுள் ஒன்றாகக் கொண்டதில் வியப்பில்லை. 1924இல் அவர் தோற்றுவித்த பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, 1925 சனவரியில் சோலாப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு விடுதி திறந்தது. உணவு, உடை, எழுதுபொருள் ஆகிய செலவுகளைச் சபையே ஏற்றது. அம்மாணவர்கள் 'சரஸ்வதி விலாஸ்' என்னும் இதழையும் நடத்தினர்.

1945இல் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம், 1950இல் ஔரங்காபாத்தில் கல்லூரி தொடங்கியது. 1948 வரை நிஜாம் ஆட்சியில் இருந்த மராத்வாடா, கல்வியில் மிகவும் பின்தங்கிய பகுதி. அக்கல்லூரிக்கு மிலிந்த் என்றும் வளாகத்திற்கு நாகசேன வனம் என்றும் பெயர் அமைந்தது. மிலிந்தன் வாதத்தில் வல்ல யவன மன்னன். பௌத்தத் துறவி நாகசேனரிடம் ஐயங்களை வினவி, தக்க விடை கிடைத்தபோது ஏற்றுக்கொண்டவன். அஞ்சாமல் கேட்பதும், உண்மையென உணர்ந்ததை ஏற்பதும் மாணவர்க்கு வேண்டும் என்பதே அப்பெயரின் பொருள்.

அவ்வனத்தில் தங்கிப் படித்தோர் அந்நாட்களை அன்புடன் நினைப்பதன் காரணம் எளிதில் விளங்கும். ஊர்க் கிணற்றருகே விலகி நின்ற சிறுவன் இங்கே தன் கையால் நீர் மொண்டு பருகினான். பந்தியில் தனியிடம் எவர்க்கும் இல்லை. பாடத்தில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு மூத்த மாணவர் அருகிலேயே இருந்தார். கலையும் அங்கே வளர்ந்தது. பேராசிரியர் ம. பி. சிட்னிஸ் இயற்றிய 'யுக யாத்ரா' நாடகம், தீண்டாமைக்கு உட்பட்டோர் யுகந்தோறும் பட்ட துயரைக் கூறுவது. 1955இல் கல்லூரியில் அது நடிக்கப்பெற்றபோது அண்ணலே கண்டு களித்தார். 1956 அக்டோபரில் நாகபுரியில் நிகழ்ந்த பௌத்த தீட்சை விழாவிலும் அது மேடையேறியது. பின்னாளில் மராத்தி தலித் இலக்கியம் தழைத்த விளைநிலங்களுள் நாகசேன வனமும் ஒன்றாயிற்று.

ஆகவே விடுதியைப் பள்ளிக்கு ஒட்டுத் திண்ணையாகக் கருதுதல் தகாது. பிள்ளை பாடத்தைப் பள்ளியில் கற்கிறான். தான் பிறர்க்குச் சமமானவன் என்பதை விடுதியில் நாள்தோறும் வாழ்ந்து அறிகிறான். நம் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரருகே உள்ள விடுதியை ஒருமுறையேனும் சென்று காணவேண்டும். அங்கே உணவு எப்படி, விளக்கு உண்டா, நூல்கள் உளவா என்று கேட்டறிந்து, குறை கண்டால் உடனே தீர்க்க முனையவேண்டும். வெள்ளிவிழாக் கொண்டாட்டத்திற்கு இதனினும் பொருத்தமான பணி வேறில்லை.