அடைக்கலம்: ஒரு பெயரின் கதை

சப்ரகமுவத் தோட்டங்களின் பழைய தலைமுறையில் அடைக்கலம் என்ற பெயர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. இந்துக் குடும்பமானால் அடைக்கலங்காத்த ஐயனாரை எண்ணி வைத்திருப்பார்கள். கத்தோலிக்கக் குடும்பமானால் அரியலூர்ப் பக்கத்து ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவை எண்ணி வைத்திருப்பார்கள். அந்த மாதாவின் ஊரைத்தான் வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று கலம்பகம் பாடிச் சிறப்பித்தார். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கங்காணிமார் பின்னால் கடல் கடந்த சனத்தோடு இந்தப் பெயரும் இரக்குவானை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை லயங்களுக்கு வந்து சேர்ந்தது.

அடைக்கலம் என்றதும் இன்று நமக்குத் தஞ்சம், புகலிடம் என்ற பொருளே தோன்றும். பழைய வழக்கில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நம்பி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் பொருளும் அடைக்கலந்தான். அடைக்கலப் பொருள் என்று சொல்வது அதைத்தான். கம்பராமாயணத்தில் தயரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கையடைப் படலம் என்று பெயர். கையடையும் அடைக்கலமும் ஒரே வேரில் கிளைத்தவை. இரண்டிலும் 'அடை' இருக்கிறது. ஓரிடத்தைப் போய்ச் சேர்வதும் அடைதல், ஒன்றை உள்ளே வைத்துக் காப்பதும் அடைத்தல். 'கலம்' பாத்திரத்துக்கும் பெயர், நகைக்கும் பெயர். ஆக, அடைக்கலம் கொடுப்பது தர்மம் செய்வதோடு முடிவதில்லை. அது பிறர் பொருளுக்குப் பொறுப்பேற்பது. பொருள் பறிபோனால் வாங்கி வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பொருளை முழுக்க வாழ்ந்து காட்டியவள் சிலப்பதிகாரத்து மாதரி. மதுரைக்கு வெளியே இருந்த ஆயர்குல முதியவள் அவள். அடைக்கலக் காதையில் சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை அவள் கையில் ஒப்படைக்கிறார். நீராட்டி, கண்ணுக்கு மை தீட்டி, கூந்தலில் பூச்சூட்டி, தோழியும் காவலும் தாயுமாய் இருந்து பார்த்துக்கொள் என்கிறார். அடுத்த காதையில் மாதரி கண்ணகிக்கும் அவள் கணவன் கோவலனுக்கும் தனி வீடு ஒழித்துக் கொடுக்கிறாள். சமைக்கக் கலங்களும் வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், அரிசி, பால் என ஒவ்வொன்றும் அந்த வீட்டுக்குப் போகின்றன. அந்தச் சோற்றை உண்டுவிட்டுத்தான் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய்க் கொலையுண்டான்.

மாதரி செய்த குற்றம் ஒன்றுமில்லை. கோவலனைத் திருடன் என்று பொய் சொன்னவன் பொற்கொல்லன், ஆராயாமல் கொல்லச் சொன்னவன் பாண்டியன். தவறு தெரிந்ததும் பாண்டியன் அரியணையிலேயே உயிர்விட்டான். இதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். மாதரியின் முடிவோ எங்கோ பின்னால், நீர்ப்படைக் காதையில், மறையோன் மாடலன் சேரன் செங்குட்டுவனிடம் சொல்லும் செய்திக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. தன்னிடம் வந்த அடைக்கலத்தை இழந்துவிட்டேன் என்று ஆயரிடம் அரற்றி, நள்ளிரவில் அவள் தீப்பாய்ந்தாள். கவுந்தியும் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். தீப்பாய்ந்ததை யாரும் போற்ற வேண்டாம். கொலைக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று கதவைச் சாத்திக்கொள்ள அவளால் முடியவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

கோவலன் கொலைக்கு அழுதவர்கள் தமிழர் மட்டுமல்லர். கண்ணகி சிங்களவருக்குப் பத்தினித் தெய்யோ. இரத்தினபுரி மகா சமன் தேவாலய வளாகத்திலேயே அவளுக்கும் தேவாலயம் இருக்கிறது. பத்தினிக்கான கம்மடுவச் சடங்கில் கோவலன் பாலங்க என்ற பெயரில் வருகிறான். அங்கே அவன் கொலையுண்டதோடு கதை முடியாது. பத்தினி அவனை உயிர்ப்பித்து எழுப்புகிறாள். தோட்டத்து எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்களுக்கு அது பொதுவான துக்கம்.

சப்ரகமுவவில் அந்த எல்லை மெல்லியது. நுவரெலியாவைப் போல மலை முழுதும் தோட்டமாக இல்லாமல், தேயிலையும் ரப்பரும் சிங்களக் கிராமங்களோடு கலந்து கிடக்கும் பூமி இது. 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் தமிழருக்கு எதிரான கலவரம் இங்கே லய வாசலுக்கே வந்தது. 1981இல் இரத்தினபுரி, காவத்தை, இரக்குவானைப் பக்கத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. சனம் தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஒளிந்தது. தாக்க வந்தவர்களில் அயல் கிராமத்தார் இருந்தார்கள். ஒளித்து வைத்தவர்களிலும் அயல் கிராமத்தார் இருந்தார்கள்.

வீடிழந்து முகாமுக்குப் போனவரைத் தமிழில் அகதி என்றோம், அ-கதி, போக்கற்றவர். சிங்களத்தில் அவர் சரணாகத. சரண் தேடி வந்தவர். நம் சொல் வந்தவரின் இல்லாமையோடு நின்றுவிடுகிறது. அடைக்கலம் என்ற பழைய சொல்லோ அவரை ஏற்றவரின் பொறுப்பையும் சேர்த்துச் சொல்கிறது.

இரத்தினபுரியை விட்டு வடக்கே போன குடும்பங்களுக்கு வவுனியாப் பக்கத்தில் நிலமும் குடிசையும் தேடித்தந்தது காந்தீயம். கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் 1970களில் தொடங்கிய அமைப்பு அது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அந்த ஆண்டு ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். ஊராருக்கு அடைக்கலம் கொடுத்தவர் அரசின் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். சிறையில் இருப்பவரும் அரசிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்தானே? அந்த அடைக்கலத்துக்கு யாரும் இன்றுவரை சரியாகக் கணக்குச் சொல்லவில்லை.

குற்றவாளி யார் என்பதை நீதிமன்றமும் விசாரணைக் குழுவும் தேடலாம். 1977 கலவரத்தை விசாரித்த சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை நூலகங்களில் கிடைக்கிறது. பக்கத்து வீட்டில் கூக்குரல் கேட்டும் விளக்கை அணைத்தவரின் மனக்கணக்கு எந்த அறிக்கையிலும் வராது. கதவைத் திறந்தவரின் பெயரும் அப்படியே விடுபட்டுப் போகும். 1981இல் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். உங்கள் தோட்டத்தில் அந்த இரவுகளைக் கண்டவர்கள் இருந்தால், எந்தக் கிராமத்தில், யார் வீட்டில், எத்தனை பேர் ஒளிந்திருந்தீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் போய், அன்று என்ன கேட்டது, என்ன செய்தீர்கள் என்று கிராமத்தாரிடமும் கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.