ஹங் துவா: இரண்டு கப்பல்கள், ஒரு லக்சமணா, ஒரு காம்பார்க்காரர்

அரச மலேசியக் கடற்படையில் ‘ஹங் துவா’ என்ற பெயரை இதுவரை இரண்டு போர்க்கப்பல்கள் தாங்கியிருக்கின்றன. இரண்டுமே பிரிட்டனில் கட்டப்பட்டவை. இரண்டுமே வேறு பெயரில் கடலில் இறங்கி, வேறு கொடியின் கீழ் உழைத்துவிட்டு, அதன் பிறகே நம்மிடம் வந்தவை. நாசகாரி என்று சொல்லத்தக்க பெரிய கப்பல் நம் கடற்படையில் இருந்ததில்லை. இவை ஃபிரிகேட் வகை, நாசகாரிக்கு ஒரு படி சிறியவை. ஆனாலும் நம்மிடம் வந்த காலத்தில் நம் பெரிய போர்க்கப்பல்களில் இவையும் அடங்கும்.

பேராக்கில் கடலே இல்லாத நம் காம்பாரின் விழா மலரில் கப்பலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். காம்பார்ப் போரின் முடிவைத் தீர்மானித்தது கடல்தான் என்பது முதல் பதில். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, ஊரை ஒட்டிய குன்றுகளில் பிரிட்டிஷ் தரப்பின் 11ஆவது இந்திய டிவிஷனின் படைகள் ஜப்பானியரை நிறுத்தி வைத்தன. தாம்சன் ரிட்ஜ், கிரீன் ரிட்ஜ் என்று வெள்ளைக்காரர்கள் பெயரிட்ட மேடுகள் அவை. பதுங்குகுழிகளின் தடத்தை இன்றும் கிரீன் ரிட்ஜில் பார்க்கலாம். பறிபோன மேட்டை மீட்க, பஞ்சாப் ரெஜிமெண்டின் சீக்கியக் கம்பெனியைக் கூட்டிக்கொண்டு கேப்டன் ஜான் கிரஹாம் துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்தார். மேடு மீண்டது, அவர் மீளவில்லை. வடக்கிலிருந்து வேகமாக இறங்கி வந்த ஜப்பானியப் படை நம் ஊரில்தான் வசமாக மாட்டிக்கொண்டது.

ஆனால் அதே நாட்களில் ஜப்பானியரின் இன்னொரு பிரிவு லூமுட் பக்கமிருந்து சிறு படகுகளில் கரையோரமாகவே தெற்கே வந்து, ஊத்தான் மெலிந்தாங்கில் கரையேறியது. வேறொரு பிரிவு பேராக் ஆற்றின் வழியே தெலுக் ஆன்சனை, அதாவது இன்றைய தெலுக் இந்தானை, எட்டியது. பின்வழி அடைபடும் என்று தெரிந்ததும், குன்றில் தோற்காத படை குன்றை விட்டுவிட்டுப் பின்வாங்கியது. அந்தப் படகுகளை மறிக்க மேற்குக் கரையில் சொல்லும்படியான கடற்படை எதுவும் இல்லை. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ இரண்டும் டிசம்பர் 10 அன்றே குவாந்தானுக்கு அப்பால் மூழ்கிவிட்டன. கடற்படை தன் வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்த ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் கம்பெனியின் கப்பல் ஒன்றுக்குப் பெயரே ‘காம்பார்’. அதுவும் அதே டிசம்பரில் பினாங்கில் விமானக் குண்டுக்கு இரையாயிற்று.

இரண்டாவது பதில், பேராக்குக்கும் கடற்படைக்குமான உறவு அதற்கும் முந்தியது. 1874 ஜனவரி 20 அன்று கையெழுத்தாகி, பேராக்கைப் பிரிட்டிஷாரின் பிடிக்குள் கொண்டுவந்த பங்கோர் ஒப்பந்தம், ஒரு கப்பலின் மேல்தளத்தில் முடிந்த காரியம். பங்கோருக்கு அப்பால் நின்ற ‘புளூட்டோ’ என்ற நீராவிக் கப்பலில்தான் பேராக்கின் தலைவிதி எழுதப்பட்டது. அதே பங்கோருக்குப் பள்ளி விடுமுறையில் ஃபெரி ஏறும் காம்பார்ப் பிள்ளைகள், லூமுட் துறையை விட்டு நகர்ந்ததும் சாம்பல் நிறத்தில் வரிசையாகக் கட்டிக்கிடக்கும் கப்பல்களைப் பார்த்திருப்பார்கள். அதுதான் நாட்டின் முதன்மைக் கடற்படைத் தளம்.

முதல் ஹங் துவாவின் பழைய பெயர் ‘லாக் இன்ஷ்’. ஸ்காட்லாந்தில் உள்ள ஓர் ஏரியின் பெயர். லீத் துறைமுகத்தில் கட்டி, 1944இல் நீரில் இறக்கினார்கள். ரஷ்யாவுக்குச் சரக்குக் கப்பல்களைக் காத்துக் கூட்டிப்போகும் வடதுருவக் கடல் வேலை அதற்கு. ஐரோப்பாவில் போர் முடிய ஒரு வாரமே இருந்தபோது, 1945 ஏப்ரல் 29 அன்று, மூர்மான்ஸ்க் அருகே யூ-307 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை அது மூழ்கடித்தது. அப்படிப்பட்ட கப்பல்தான் 1964 அக்டோபரில் நம் கொடியை ஏற்றிக்கொண்டது. இந்தோனேசியாவுடன் ‘கொன்ஃப்ரொன்தாசி’ என்ற மோதல் உச்சத்தில் இருந்த நேரம். கையில் இருந்தவை ரோந்துப் படகுகளும் கண்ணிவாரிகளும்தான். அதனால் இருபது வயதுப் பழைய கப்பலே நம் கடற்படைக்குக் கொடிக்கப்பலாயிற்று. 1970களில் ஓய்வு கொடுத்துப் பழைய இரும்பாக விற்றார்கள்.

இரண்டாவது ஹங் துவாவின் கதை இன்னும் ருசிகரமானது. கானா நாட்டின் அதிபர் குவாமே நிக்ருமா தம் கடற்படைக்கென ஒரு ஃபிரிகேட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். வேண்டும்போது அதிபரின் உல்லாசக் கப்பலாகவும் அது பயன்பட வேண்டும் என்பது ஏற்பாடு. கிளாஸ்கோவில் ‘யாரோ’ என்ற நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1966 பிப்ரவரியில் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. கப்பல் அனாதையானது. அந்த ஆண்டு டிசம்பரில் எந்த விழாவும் இல்லாமல் அதை நீரில் இறக்கினார்கள். வாங்க ஆளில்லாமல் சில ஆண்டுகள் கிடந்த பின், பிரிட்டிஷ் கடற்படையே எடுத்துக்கொண்டு 1973இல் ‘மெர்மெய்ட்’ என்ற பெயரில் பணியில் சேர்த்தது.

அதன் வாழ்க்கையில் ஒரு கரும்புள்ளி உண்டு. 1976 செப்டம்பர் 20 அன்று, ஹாலந்துக் கரைக்கு அப்பால், நேட்டோ பயிற்சியின்போது ‘ஃபிட்டில்டன்’ என்ற சிறிய கண்ணிவாரி தபால் பை மாற்றிக்கொள்ள மெர்மெய்டின் பக்கத்தில் வந்தது. பெரிய கப்பல் ஓடும்போது அதன் முகப்பு நீரைத் தள்ளும், விலா நீரை உறிஞ்சும். அருகில் ஓடும் சிறிய கப்பலைச் சுக்கான் கட்டுப்படுத்த முடியாமல் போவது அந்த இழுப்பில்தான். ஃபிட்டில்டன் மெர்மெய்டின் முகப்புக்கு இழுபட்டு, மோதிக் கவிழ்ந்தது. 12 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு, 1977இல், மலேசியா அந்தக் கப்பலை வாங்கி ஹங் துவா என்று பெயர் மாற்றியது. பிற்காலத்தில் பழைய பீரங்கியை எடுத்துவிட்டு 57 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பொருத்தினார்கள். பயிற்சிக் கப்பலாக்கி, இளம் அதிகாரிகளைத் தலைமுறை தலைமுறையாக அதில் ஏற்றி இறக்கினார்கள். 2018இல்தான் ஓய்வு. ஓர் அதிபருக்காகக் கட்டிய கப்பல் நாற்பது ஆண்டுக்கு மேல் நம்மிடம் உழைத்து, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாகவும் இருந்தது என்பதை நல்ல முடிவு என்றே நான் சொல்வேன்.

சரி, பெயருக்கு உரியவர்? மலாக்கா சுல்தானின் லக்சமணா, அதாவது கடற்படைத் தலைவர், ஹங் துவா. அவரும் தோழர்களுமாக ஐவர். ஜெபாட், லெக்கிர், லெக்கியு, கஸ்தூரி மற்ற நால்வர். ஐவர் பெயரும் நம் கப்பல்களுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. ‘கஸ்தூரி’யும் ‘லெக்கிரு’ம் 1984இல் ஜெர்மனியிலிருந்து வந்தவை, ‘ஜெபாட்’டும் ‘லெக்கியு’வும் 1999இல் ஸ்காட்லாந்திலிருந்து. இதில் ஜெபாட் பெயருக்கு முதலில் ஒரு சறுக்கல் நேர்ந்தது. 1960களில் அதே ‘யாரோ’ தளத்தில் கட்டிய ஃபிரிகேட்டுக்கு முதலில் வைத்த பெயர் ‘ஹங் ஜெபாட்’. சோதனை ஓட்டத்தில் இயந்திரம் தகராறு செய்ததும், இறைவனின் அருளை வேண்டி ‘ரஹ்மாட்’ என்று மாற்றிவிட்டார்கள். சுல்தானை எதிர்த்துக் கலகம் செய்தவன் பெயர் கப்பலுக்கு ஆகாது என்று மாலுமிகள் பேசிக்கொண்டார்களோ என்னவோ.

‘ஹிகாயத் ஹங் துவா’ என்ற மலாய்க் காப்பியத்தைத் தமிழர்கள் வேறு ஒரு காரணத்துக்காகவும் படிக்க வேண்டும். அதில் வரும் லக்சமணா பல மொழி கற்றவர். கெலிங் மொழி, அதாவது தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் பேசிய பேச்சு, அவருக்குத் தெரியும். சுல்தானின் தூதராகக் கப்பல் ஏறி விஜயநகரம் போகிறார். கிஸ்னா ராயன் என்ற அரசனின் அவையில் நிற்கிறார். அவருடைய பேச்சிலும் நடத்தையிலும் மயங்கிய அரசன், தன் தூதராக அவரையே சீனத்துக்கு அனுப்புகிறான். மலாக்காவின் தளபதி, தென்னிந்திய மன்னனின் பிரதிநிதியாகச் சீனப் பேரரசன் முன் நிற்கும் காட்சியை இதைவிட இயல்பாக வேறெந்த நூலும் எழுதிவிடவில்லை. கத்திச் சண்டையையும் ‘தாமிங் சாரி’ என்ற கிரிஸ் கத்தியையும் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தூது போன பகுதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ஹங் துவாவின் சமாதி என்று காட்டப்படும் இடம்கூட மலாக்காவில், கெலிங் என்ற சொல்லை நினைவூட்டும் தஞ்சோங் கிளிங் என்ற ஊரில்தான் இருக்கிறது.

நூலுக்கு நூல் கதை மாறும். ஹிகாயத்தில் ஹங் துவா கொல்வது ஜெபாட்டை; ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் வரலாற்று நூலின் பழைய படியில் கஸ்தூரியை. இரண்டு நூல்களும் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2001இல் சேர்ந்தன. ஆனால் இலக்கியப் பெருமை ஒன்று, சரித்திரச் சான்று வேறொன்று.

இந்த இடத்தில்தான் நம் ஊர்க்காரர் வருகிறார். பேராசிரியர் தான் ஸ்ரீ கூ கே கிம் 1937இல் காம்பாரில் பிறந்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். ருக்குன் நெகாரா கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். 2012 ஜனவரியில் அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஹங் துவா என்று ஒருவர் வாழ்ந்ததற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்றார். சுல்தானை மணந்ததாகச் சொல்லப்படும் சீன இளவரசி ஹங் லீ போவைப் பற்றி மிங் அரச வம்சத்தின் குறிப்புகளில் எதுவும் இல்லை என்றும் சொன்னார். நாடே கொதித்தது. எதிர்வாதம் செய்தவர்கள் ரியூக்யூ தீவுகளின் பழைய கடிதத் தொகுப்பைக் காட்டினார்கள். மலாக்காவின் லக்சமணா 15ஆம் நூற்றாண்டில் எழுதிய கடிதத்தின் படி அதில் இருக்கிறது. பதவி இருந்தது உறுதி. அதில் இருந்தவர் பெயர் ஹங் துவாதானா என்பது அந்தக் கடிதத்தால் தீரவில்லை. என் கருத்தைக் கேட்டால், பேராசிரியர் கேட்டது சரியான கேள்வி, கடற்படை வைத்தது சரியான பெயர். கப்பலுக்குப் பெயர் வைப்பவர்கள் மக்கள் மனத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்கிறார்கள். வரலாற்றாசிரியர் ஏட்டில் யார் இருக்கிறார் என்று பார்க்கிறார். கூ கே கிம் 2019 மே மாதம் காலமாகும் வரை தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக நான் படித்ததில்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மலாக்காவின் கடைசி சுல்தான் மஹ்முட் இறந்தது காம்பாரில் என்று புத்தகங்களில் இருக்கும். அது சுமத்ராவில் உள்ள காம்பார், நம்முடையது அல்ல. ஆனால் அவர் மகன் முசாஃபர் ஷாதான் 1528இல் பேராக்கின் முதல் சுல்தானானார் என்பதால் மலாக்காவின் கொடிவழி நம் மாநிலத்தில் இன்றும் தொடர்கிறது.

ஏட்டில் இருப்பவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. 1967 டிசம்பர் 1 வரை நம் கடற்படைக்குத் தலைவர்களாக இருந்தவர்கள் வெளிநாட்டு அதிகாரிகள். கடைசியாக இருந்தவர் ஆஸ்திரேலியாவின் கமடோர் டொலார்ட். அன்று அவரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டவர் கே. தனபாலசிங்கம். விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் மாணவர், பிரிட்டனின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர், தமிழர். அப்போது வயது 31. முப்பத்தொன்றில் ஒரு நாட்டின் கடற்படைக்கே தலைமை! முதல் ஹங் துவா அவர் காலத்தில் ஓடியது. ‘ரஹ்மாட்’ அவர் காலத்தில் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருந்த தலைமைத் தளத்தை நம் மண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை உருவெடுத்து, லூமுட் அதற்கு உரிய இடமானது. ஜப்பானியரின் படகுகள் தடுப்பாரின்றிப் புறப்பட்ட அதே கரை. 1976 வரை பொறுப்பில் இருந்து, ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார் தான் ஸ்ரீ தனபாலசிங்கம். கப்பல்களின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பழைய மலாக்கா, ஜொகூர் அரசுகளின் தளபதிகள் பெயர்கள் இருக்கின்றன. 2017 ஆகஸ்டில் லூமுட்டில் விழா எடுத்துப் பெயர் சூட்டி, பிறகு முடிக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்த கப்பலுக்கு, 1875இல் பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்ட வழக்கில் தூக்கிலேறிய பேராக்கின் மகாராஜா லேலா பெயர். அவை எல்லாம் தகுதியான பெயர்களே. நவீனக் கடற்படையை நடத்திய முதல் மலேசியரின் பெயரும் ஒரு கப்பலுக்குத் தகும் என்பது என் துணிபு.

அது அரசாங்கத்தின் காரியம். நம் கையில் உள்ள காரியம் ஒன்று உண்டு. காம்பார் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் ஈயச் சுரங்கக் கம்பங்களிலிருந்தும் கடற்படையில் சேர்ந்து, சமையற்கட்டிலும் இயந்திர அறையிலும் சிக்னல் மேடையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் வீடுகளில் இருந்தால், அவர்களைப் பற்றிய ஆவணம் எங்கே என்று கூ கே கிம் போல ஒருவர் நாளை கேட்டால் என்ன காட்டுவோம்? பழைய சீருடைப் படம் சுவரில் தொங்கும், பின்னால் ஒரு வரியும் இருக்காது. இந்த மலரைப் படிப்பவர்கள் தயவுசெய்து அந்தப் படங்களின் பின்னால் பெயர், சேர்ந்த ஆண்டு, பதவி, வேலை பார்த்த கப்பல் ஆகியவற்றை எழுதுங்கள். பணிப் புத்தகம் இருந்தால் ஒரு நகல் எடுத்து உங்கள் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.