40 வாட் பல்பு ஜெயித்த கதை



பத்தாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் நடத்தும்போதெல்லாம் 40 வாட் பல்பு ஒன்று, 100 வாட் பல்பு ஒன்று கொண்டுபோவேன். பக்க இணைப்பில் போட்டால் 100 வாட் பளிச்சென்று எரியும். தொடர் இணைப்பில் போட்டால் 40 வாட் ஓரளவு எரியும். 100 வாட்டின் இழை லேசாகச் சிவப்பதே பெரிது. தொடரில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம். மின்தடை அதிகமுள்ள 40 வாட் பல்புதான் மின்னழுத்தத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஒருமுறை கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "பக்க இணைப்புலதான் நல்லா எரியுதே, அப்புறம் எதுக்கு சார் தொடர் இணைப்பு?" பாடத்தை முடிக்கும் அவசரம் எனக்கு. "கேள்வியில வரும், படிச்சுக்கோ" என்று உட்கார வைத்துவிட்டேன். பதில் வரலாற்றில் இருக்கிறது.

தெருவிளக்காக முதலில் வந்தது தொடர் இணைப்புதான். 1879 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரச் சதுக்கத்தில் சார்லஸ் பிரஷ் 12 வில் விளக்குகளை ஏற்றினார். ஒரே கம்பி விளக்கு விளக்காகப் போகும். செம்புச் செலவு குறைவு. ஒன்று கெட்டால் எல்லாம் அணையுமே? கெட்ட விளக்கைத் தாண்டி மின்னோட்டம் போக ஒரு தானியங்கி அமைப்பையும் அவர் வைத்தார். ஆனால் கண் கூசும் அந்த வெளிச்சம் வீட்டுக்கு ஆகாது.

வீட்டுக்கு வேண்டியது சின்ன விளக்கு. அவரவர் விருப்பப்படி போடவும் அணைக்கவும் வேண்டும். அதற்குப் பக்க இணைப்புதான் வழி. சிக்கல் என்னவென்றால், அன்றைய இழை விளக்குகளுக்கு மின்தடை குறைவு. ஒவ்வொன்றும் ஏராளமான மின்னோட்டத்தை இழுக்கும். ஊருக்கே கொடுக்க வேண்டுமானால் செம்புக் கம்பியின் விலை கட்டுப்படியாகாது. மின்விளக்கை வீடு வீடாகப் பகிர முடியாது என்று இங்கிலாந்தின் வில்லியம் பிரீஸ் போன்ற பெரிய பொறியாளர்களே சொன்னார்கள்.

இழை விளக்கை எடிசன் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. ஜோசப் ஸ்வான் உள்ளிட்ட பலர் உழைத்தார்கள். எடிசனும் அவரிடம் இருந்த கணித வல்லுநர் பிரான்சிஸ் அப்டனும் பார்த்தது கம்பிக் கணக்கை. மின்னழுத்தத்தை 10 மடங்கு ஆக்கினால், அதே திறனுக்கு மின்னோட்டம் 10-ல் 1 பங்கு போதும். அதே கம்பியில் வெப்பமாக வீணாவது 100-ல் 1 பங்காகிவிடும். ஆகவே இழைக்கு மின்தடை அதிகம் வேண்டும். 1879 அக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூல் அந்த வேலையைச் செய்தது.

1882 செப்டம்பர் 4. நியூயார்க் பேர்ல் தெரு மின்நிலையத்திலிருந்து 110 வோல்ட் அளவில் சுமார் 400 விளக்குகள் எரிந்தன. ஒருவர் தன் விளக்கை அணைத்தால் பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியாது. இன்று நம் வீட்டில் நடப்பதும் அதுதான். தொடர் இணைப்பு திருவிழா சீரியல் செட்டில் பிழைத்துக்கிடக்கிறது. பெயரே அதைச் சொல்கிறது.

தம்பி, இப்போது உனக்கே பள்ளி போகும் பிள்ளைகள் இருக்கலாம். இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், உன் கேள்வி சரியான கேள்வி. பதில் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.