எந்தக் கைபேசிக்கு முதலில்?

விருத்தாசலத்துச் செராமிக் கூடங்களில் பொம்மை செய்பவர்களுக்கு அச்சுதான் முதலீடு. களிமண்ணைக் கரைத்த கூழ் எல்லாப் பொம்மைக்கும் ஏறத்தாழ ஒன்றே. பிள்ளையாருக்கு ஒரு பிளாஸ்டர் அச்சு, யானைக்கு இன்னொன்று என்று உருவத்துக்கு உருவம் அச்சு மட்டும் மாறும். வார்க்க வார்க்க அதுவும் தேயும், புதிதாக எடுக்க வேண்டும். ஆகவே எது விலைபோகும் என்று பார்த்துத்தான் அச்சில் கைவைப்பார்கள். கைபேசிச் செயலி எழுதுபவரின் கணக்கும் இதுவே. யோசனை ஒன்றுதான் என்றாலும் ஐபோனுக்கு ஒரு முறை, ஆண்ட்ராய்டுக்கு ஒரு முறை உருவாக்கி, இரண்டையும் ஆண்டுக்கணக்கில் பராமரிக்க வேண்டும். எதை முதலில் செய்வது என்ற கேள்விக்கு அமெரிக்காவில் பல காலம் ‘ஐபோன்தான்’ என்பதே விடையாக இருந்தது. இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் ஐபோனில் வந்தது. ஆண்ட்ராய்டுக்காரர்கள் 2012 ஏப்ரல் வரை காத்திருந்தார்கள். அந்த விடையைத் தமிழ் வட்டாரம் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. இங்கே வரிசையை முதலில் எழுத்து தீர்மானித்தது, பிறகு விலை தீர்மானித்தது.

எழுத்தின் கதையைச் செல்லினத்திடமிருந்து தொடங்க வேண்டும். 1980களிலேயே கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன், கைபேசிக்கென எழுதிய தமிழ்த் தட்டச்சுச் செயலி அது. 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியானது. அப்போது ஐபோனும் இல்லை, ஆண்ட்ராய்டும் இல்லை; ஜாவா இயங்கும் நோக்கியா போன்ற கைபேசிகள்தான் இருந்தன. தமிழ் தெரியாத அந்தக் கருவிகளுக்குள் செயலியே எழுத்துருவையும் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தது. ஜாவா எங்கும் ஓடும் என்றார்கள். ஆனால் திரை அளவும் விசைகளும் நினைவகமும் மாடலுக்கு மாடல் மாறின. ஒவ்வொன்றிலும் தனியாகச் சோதித்துப் பார்க்காமல் வெளியிட முடியாது. ‘ஒரு தடவை எழுது, எங்கும் ஓட்டு’ என்ற வாக்குறுதியை அந்தக் காலத்துக் கைபேசி நிரலர்கள் கேலியாகவே சொன்னார்கள்.

அடுத்து வந்த இரண்டு தளங்களும் தமிழுக்கு ஆளுக்கொரு கதவைச் சாத்தி வைத்திருந்தன. ஆண்ட்ராய்டு 2009இல் 1.5 பதிப்பிலேயே வெளியார் எழுதும் விசைப்பலகைக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் தொடக்ககாலக் கருவிகள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை, திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆப்பிள் பக்கம் எழுத்துருச் சிக்கல் முந்தித் தீர்ந்தது. அதன் கருவிகளில் இன்றும் உள்ள ‘தமிழ் சங்கம் எம்.என்.’ எழுத்துருவின் கடைசி இரண்டு எழுத்துகள் முத்து நெடுமாறனையே குறிக்கும். ஆனால் 2014இல் ஐஓஎஸ் 8 வரும்வரை வெளியார் விசைப்பலகை அங்கே நுழைய முடியாது. செல்லினத்துக்குள் தட்டச்சு செய்து, நகலெடுத்து, வேறு செயலியில் ஒட்ட வேண்டும். அப்படியிருந்தும் செல்லினம் முதலில் ஐபோனுக்கும் பிறகே ஆண்ட்ராய்டுக்கும் போனது. ஐபோன் மோகத்தால் நடந்ததல்ல இது. சுற்றிவளைத்தாவது எழுத முடிகிற தளம், எழுத்தே தெரியாத தளத்தை முந்தியது, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டின் நான்காம் வரிசைப் பதிப்புகளில் தமிழ் எழுத்துரு இடம்பெற்ற பின்னர் அந்தக் காரணமும் மறைந்தது.

அதன் பிறகு பேசியது பணப்பை. 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த ஐபோனின் விலை 31,000 ரூபாய். 2014இல் ஆண்ட்ராய்டு ஒன் கைபேசி 6,399 ரூபாய்க்கு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணத்தைத் தரைமட்டமாக்கியது. இன்று இந்தியாவில் புழங்கும் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டுதான். (எங்கே உற்பத்தியாகிறது என்பதற்கும் எங்கே புழங்குகிறது என்பதற்கும் தொடர்பில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை ஓடி மூடியது. அதே ஊரிலிருந்து இன்று ஐபோன்கள் ஏற்றுமதியாகின்றன.) இந்திய நிலவரம் தெரிந்தவர்கள் அதற்கேற்பவே நடந்துகொண்டார்கள். 2016 டிசம்பர் 30 அன்று வெளியான பீம் பணப் பரிமாற்றச் செயலி ஆண்ட்ராய்டில் மட்டுமே இருந்தது. ஐபோன் அடுத்த ஆண்டுதான் அதைப் பெற்றது. ஐபோனில் பிறந்த வாட்ஸ்அப்பும் நோக்கியாவின் எளிய எஸ்40 கைபேசிவரை இறங்கி வந்ததால்தான் இந்தியச் சிற்றூர்களில் இத்தனை ஆழமாக வேரூன்றியது என்பேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எண்ணிக்கை ஆண்ட்ராய்டிடம் இருந்தாலும், செயலிக்குக் காசு கொடுப்பவர் ஐபோன்காரர்தானே? சந்தாவில் பிழைக்கும் செயலிக்கும் விளையாட்டுக்கும் இது உண்மை. சிங்கப்பூர், டொராண்டோ தமிழர்களை நம்பி எழுதப்படும் செயலி ஐபோனை ஒதுக்க முடியாது. அங்கே வாங்குபவரின் கை வேறு. ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான செயலிகள் செயலியை விற்றுப் பிழைப்பவை அல்ல. சரக்கையோ சேவையையோ விற்க உதவுபவை. ஃப்யூஸ் பீங்கானும் பொம்மையும் செய்யும் ஒரு சிறு கூடத்துக்குத் தேவை படம், விலை, பணம் வந்ததற்கான அறிவிப்பு ஆகியவை. மொத்த வியாபாரி கையில் இல்லாத தளத்தில் அவற்றை எத்தனை அழகாக வைத்தாலும் பயனில்லை. நுழைவுச் செலவும் இதே திசையில்தான் தள்ளுகிறது. கூகுள் ஒரே முறை 25 டாலர் வாங்குகிறது. ஆப்பிள் ஆண்டுதோறும் 99 டாலர் கேட்கிறது, ஆப்பிளின் கருவிகளோடு செயலியை உருவாக்க மேக் கணினியும் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு புதியது: 2015இல் ரியாக்ட் நேட்டிவ், 2018 இறுதியில் ஃப்ளட்டரின் முதல் நிலைப்பதிப்பு என்று வந்தபின், ஒரே நிரலை இரண்டு தளத்திலும் ஓட்டலாமே, தேர்வு எதற்கு? எழுதும் வேலை குறைந்தது மெய்தான். சோதிக்கும் வேலை குறையவில்லை. ஜாவா காலத்தில் மாடலுக்கு மாடல் தடுக்கி விழுந்த அதே இடம், நினைவகம் குறைந்த, பழைய பதிப்பிலேயே நின்றுபோன ஆண்ட்ராய்டுகளில் இன்னும் இருக்கிறது. ஆண்ட்ராய்டைத் தேர்ந்தெடுப்பவர் இந்தச் சுமையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். எளிய வழி என்று எண்ணி இறங்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். மேலும் ஒரே நிரல் இரண்டு தளங்களைத்தான் இணைக்கிறது, மூன்றாவதை அல்ல. கொரோனாத் தொற்றுக்கான அரசுச் செயலி ஆரோக்கிய சேது 2020 ஏப்ரலில் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒருசேர வந்தது. விசைப்பலகையோடு கைஓஎஸில் இயங்கும் ஜியோபோன் வைத்திருந்தவர்களுக்காக மே மாதம் தனிப்பதிப்பு ஒன்றைச் செய்ய நேர்ந்தது.

வரிசை எந்த அளவுக்குத் திரும்பியது என்பதற்கு வாட்ஸ்அப் பிசினஸைப் பார்க்கலாம். சிறு வியாபாரிகளுக்கென்று 2018 ஜனவரியில் அது வெளிவந்தபோது ஆண்ட்ராய்டில் மட்டுமே கிடைத்தது. ஐபோன் வைத்திருந்த கடைக்காரர் 2019 வரை காத்திருந்தார்.