புளியந்தோப்பு புகட்டும் பாடம்

கோட்டையையும் கொடிமரத்தையும் காட்டி, "இதுவே சென்னையின் வரலாறு" என்று கூறுவோர் உண்டு. நாமோ, மன்னன் எவனும் கொலுவிருக்காத, புராணம் எதுவும் புகழாத ஒரு பகுதிக்குத் தோழர்களை அழைக்கிறோம். பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்பு என ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் வடசென்னைத் தெருக்கள்தாம் அவை. அங்கே ஏழையின் வியர்வை வரலாறு எழுதிற்று. ஏழையின் குருதியும் எழுதிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பின்னி நிறுவனத்தார் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு பஞ்சாலைகளை எழுப்பினர். சங்கு ஊதினால் ஓட வேண்டும்; நண்பகல் உணவை அரைமணி நேரத்திற்குள் விழுங்கிவிட்டுத் தறிக்குத் திரும்ப வேண்டும். மேற்பார்வையாளர் ஏசினால் கேட்பாரில்லை, அடித்தாலும் கேட்பாரில்லை.

கேட்பதற்கு ஓர் அமைப்பு 1918 ஏப்ரல் 27-இல் பிறந்தது. அதுவே சென்னைத் தொழிலாளர் சங்கம். செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு என்னும் இரு சிறு வணிகர்கள் அதற்கு வித்திட்டனர். வாடியா தலைவரானார். திரு.வி.க. துணைத் தலைவராகி, தொழிலாளிக்குப் புரியும் தமிழில் உரிமையை எடுத்தோதினார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப் பெயர் பெற்ற பெருமை, பணக்காரர் வாழ்ந்த பகுதிக்கன்று, பெரம்பூருக்கே கிட்டிற்று.

ஆலை முதலாளிகள் வாளாவிருக்கவில்லை. 1920-இல் கதவடைப்பு வந்தது; டிசம்பரில் துப்பாக்கிச் சூடு வந்தது; இருவர் மாண்டனர். நிறுவனம் உயர்நீதிமன்றம் சென்று சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றது. சங்கம் அமைப்பதே குற்றம்போல் ஆகிவிட்ட அந்நிலை எழுப்பிய கண்டனம், 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திற்கு ஒரு காரணமாயிற்று.

பெருமை பேசிப் பூரிப்போர் இந்த இடத்தில் ஏட்டை மூடிவிடுவர். நாம் மூடலாகாது. அடுத்த பக்கமே நமக்கு ஆசான்.

1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் மூண்ட பூசல், ஜூனில் இரு ஆலைகளையும் பற்றிய வேலைநிறுத்தமாக வளர்ந்தது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். ஆதித்திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். அடுப்பில் பூனை உறங்கும் வீட்டில் எத்தனை நாள் பொறுப்பது? தம்மைத் தெருவில் தீண்ட மறுப்பவன் ஆலை வாயிலில் மட்டும் "தோழா" என்றால் நெஞ்சு எப்படி நம்பும்? எம்.சி. இராஜா போன்ற தலைவர்களும் வேலைக்குத் திரும்புவதையே ஆதரித்தனர். பிளவைக் கண்ட முதலாளி மகிழ்ந்தான். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதித்திராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின. பதிலுக்குப் பதிலாக மோதல்கள் தொடர்ந்தன. ஆகஸ்டில் காவலர் துப்பாக்கி மீண்டும் முழங்கியது. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் உரைப்போம். அன்று ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள் சிலரும், அக்கட்சியின் ஏடும், குடிசை இழந்தோருக்கு ஆறுதலாக நிற்காமல், அரசு ஆதித்திராவிடருக்குச் செல்லம் கொடுப்பதே கலகத்திற்குக் காரணம் என்று அவர்கள்மீதே பழி சுமத்தினர். 1923-இல் இராஜா அக்கட்சியை விட்டு விலகியதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம். நம் இயக்கத்தின் முன்னோர் என்பதற்காக அவர்தம் பிழையைப் பூசி மெழுகுவது பகுத்தறிவாகாது. புராணிகன் தன் தெய்வத்தின் குறையை மறைப்பான். பகுத்தறிவாளன் தன் தலைவனின் குறையையும் எடைபோடுவான்.

சாதி, தொழிலை மட்டுமன்றித் தொழிலாளரையே கூறுபோடுகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வாதிட்டார். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, புளியந்தோப்பின் சாம்பல் அந்த உண்மையை உரைத்துவிட்டது. சங்கத்தின் கணக்கேட்டில் அனைவர் பெயரும் இருந்தது. சங்கத்தார் வாழ்ந்த தெருக்களோ தனித்தனியே இருந்தன. அந்த இடைவெளியில்தான் முதலாளி நுழைந்தான்.

அந்த ஆலைகள் 1990-களில் மூடப்பட்டுவிட்டன. சங்கின் ஒலி அடங்கிவிட்டது. ஆனால், கூலிக்காக ஒன்றுகூடி, குடியிருப்பிலும் மணப்பந்தலிலும் பிரிந்து நிற்கும் பழக்கம் அடங்கிவிட்டதா? தோழர்களே, மேடையேறி ஒற்றுமை பேசுமுன் ஒருமுறை அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். சாதியை வாயிலில் விட்டுவிட்டுச் சங்கத்திற்குள் வருவது போதாது. திரும்பும்போது அதை மீண்டும் எடுத்துக்கொள்ளாமல் வீடு சேர வேண்டும். புளியந்தோப்பு நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.